அரைக்காசு அம்மனும் 127-ஐத் தாண்டாத எழுத்தும்

ரொம்ப நாளா டிராஃப்டிலேயே தூங்கிட்டு இருந்த பதிவு. தூசி தட்டி எடுத்துட்டேன்.

டிஸ்கி: இது பொட்டி தட்டுற சமாச்சாரம்தான், ஆனா பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம். கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும். நடுவுல கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், கண்டுக்காதீங்க.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோகர்ணம். புதுக்கோட்டையை ஒட்டினாப்ல இருக்கு. வெளியூர்க்காரங்க ரெண்டு விஷயத்துக்காக வருவாங்க. ஒண்ணு மியூசியம், 1910-ல ஆரம்பிச்சது. இன்னொண்ணு கோகர்ணேஸ்வரர் கோயில். பாறையைக் குடைஞ்ச பல்லவர் காலத்துப் பாணிக் கருவறை, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு காலத்துக்காரனும் கட்டிச் சேர்த்த மண்டபங்கள். சாமி பேரு கோகர்ணேஸ்வரர்னாலும் ஊருக்கு முக்கியம் அம்பாள்தான். பிரகதாம்பாள். புதுக்கோட்டைத் தொண்டைமான் ராஜாக்கள் தங்களை 'பிரகதாம்பாள் தாஸ்'னு போட்டுக்குவாங்க, அதாவது அந்த அம்மாவோட வேலைக்காரன். அவங்க அடிச்ச செப்புக் காசுலயும் ஒரு பக்கம் அம்பாள் உட்கார்ந்திருப்பா. அதனாலதான் அது அம்மன் காசு. நவராத்திரிக்கு அரிசியோட இந்தக் காசையும் சேர்த்துக் கொடுக்கிறது சமஸ்தான வழக்கம். அதுல இருந்துதான் அரைக்காசு அம்மன்னு பேரு நிலைச்சது. எதாவது பொருள் தொலைஞ்சு போச்சுன்னா அரைக்காசு அம்மனை நினைச்சு வெல்லம் நேர்ந்துக்குவாங்க, கிடைச்சுடும்னு நம்பிக்கை. எங்க அம்மா கண்ணாடி காணாமப் போனாக்கூட முதல்ல வெல்லத்தைத்தான் நினைப்பாங்க, அப்புறந்தான் தேடவே ஆரம்பிப்பாங்க.

அந்தக் காசோட இன்னொரு பக்கத்துல 'விஜய'ன்னு தெலுங்கு எழுத்துல இருக்கும். சின்ன வயசுல எனக்கு அது தெலுங்குன்னு தெரியாது. ஏதோ கோலம்னு நினைச்சுப்பேன். பெரியப்பாதான் சொன்னார், "டேய், இது எழுத்துடா. உனக்குப் படிக்கத் தெரியலைங்கறதுக்காக அது கோலம் ஆயிடாது"ன்னு. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். ரிட்டையர் ஆனதும் ஊரைப் பத்தி நோட்டு நோட்டா எழுத ஆரம்பிச்சார். நவராத்திரில யார் யாருக்கு எவ்வளவு அரிசி அளந்தாங்க, தெப்பக்குளம் எந்த வருஷம் வத்திச்சு, 1948-ல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தப்ப ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க, இப்படி. எல்லாம் பழைய ஆளுங்ககிட்டக் கேட்டு எழுதினது. சொன்னவங்க பாதிப் பேரு இப்ப இல்ல. 2002 கோடை லீவுல பெரியப்பா மக (எங்க அக்கா) அத்தனையும் கம்ப்யூட்டர்ல அடிச்சு முடிச்சா. மொத்தம் 14 ஃபைல். முரசு அஞ்சல் வச்சு, திஸ்கி எழுத்துருவுல.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி: அப்ப தமிழுக்கு ஒரே முறை கிடையாது. திஸ்கி, டாம், டாப், அப்புறம் ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி எழுத்துரு. 2003, 2004-ல வலைப்பதிவு எழுத வந்தவங்க பெரும்பாலும் யூனிகோடுக்கு மாறிட்டாங்க. சுரதாவோட பொங்குதமிழ் மாற்றில ஒட்டி ஒட்டி மாத்தின கை எத்தனை பேருக்கு இருக்கும்! நானும் 2004-ல பெரியப்பாவோட 14 ஃபைலையும் யூனிகோடாக்கி வலையேத்தலாம்னு கிளம்பினேன். ஒவ்வொண்ணா ஒட்டி மாத்த சோம்பேறித்தனம். நாமதான் சி மொழில புலியாச்சே, ஒரு குட்டி புரோகிராம் எழுதிட்டா போச்சு.

எழுதினது இவ்வளவுதான். ஃபைல்ல இருந்து ஒவ்வொரு எழுத்தா எடு. அதோட எண் 32-க்குக் கீழ இருந்தா அது வேண்டாத கட்டுப்பாட்டுக் குறி, தூக்கிப் போடு (வரி முடிவை மட்டும் விட்டுடு). 127-க்கு மேல இருந்தா அது தமிழ், அட்டவணைல பார்த்து யூனிகோடா மாத்து. நடுவுல இருந்தா ஆங்கிலம், எண், புள்ளி, கமா, அப்படியே எழுது. ஆபீஸ்ல ஏஐஎக்ஸ் ஓடுற ஐபிஎம் மெஷின் ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒரு பக்கத்தைப் போட்டுச் சோதிச்சேன். சூப்பரா வந்துச்சு. புரோகிராமை ஃபிளாப்பில போட்டுக்கிட்டு லீவுல ஊருக்கு வந்தேன். வீட்டுல பென்டியம் பொட்டி, ரெட்ஹேட் லினக்ஸ். கம்பைல் பண்ணினேன். ஒரு வார்னிங் வந்துச்சு. இந்த ஒப்பீடு எப்பவுமே பொய்தான், ஏன்னா அந்த வகைக்கு அவ்வளவு இடம் இல்ல, அப்படிங்கற மாதிரி ஏதோ. எர்ரர் இல்லையே, வார்னிங்தானே! அதான் ஆபீஸ்லயே ஓடிச்சே! 14 ஃபைலையும் ஒரே கட்டளைல ஓட்டி, வந்த புது ஃபைலைப் பழைய ஃபைல் மேலயே எழுதிட்டேன்.

திறந்து பார்த்தா தமிழ் ஒரு எழுத்துகூட இல்ல.

வெறும் கமா, புள்ளி, அடைப்புக்குறி, நடுவுல அங்கங்க வருஷங்கள். மழை பேஞ்சு ஓஞ்ச வாசல்ல கோலம் கரைஞ்சு புள்ளி மட்டும் மிஞ்சி நிக்குமே, அந்த மாதிரி.

ஏன் இப்படி ஆச்சுங்கறதுக்கு 1970-க்குப் போகணும்.

எட்டு பிட்டுல 256 விதமா எழுதலாம். அதை 0-ல இருந்து 255 வரைக்கும்னு படிக்கலாம், இல்ல -128-ல இருந்து 127 வரைக்கும்னும் படிக்கலாம். முதல் வகை அன்சைன்ட், குறியில்லாதது. ரெண்டாவது சைன்ட், குறியுள்ளது. பிட்டுல எந்த வித்தியாசமும் இருக்காது. பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் பின்னாடி சுத்தினா 0000-க்கு அடுத்து 9999 வரும் இல்லையா, அதை 9999 கிலோமீட்டர்னு சொல்லலாம், பின்னாடி ஒரு கிலோமீட்டர் போனேன்னும் சொல்லலாம். மளிகைக் கடை அண்ணாச்சி நோட்டை எடுத்துக்குங்க. வரவும் 50, பற்றும் 50. எண்ணுக்கு முன்னாடி கழித்தல் குறி போட மாட்டார். எந்தப் பத்தில எழுதியிருக்குன்னு பார்த்துத்தான் யார் யாருக்குத் தரணும்னு தெரியும். பத்தி மாத்திப் படிச்சா கடனாளி முதலாளி ஆயிடுவான்.

சி மொழிக்கு முன்னாடி பி-ன்னு ஒண்ணு இருந்துச்சு. பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சன் பிடிபி-7-ன்னு ஒரு 18-பிட் மெஷினுக்காகச் செஞ்சது. அதுல வகைங்கற பேச்சே கிடையாது, எல்லாமே ஒரே அளவு டப்பா. அப்புறம் 1970-ல பிடிபி-11 வந்துச்சு. இதுல எட்டு பிட்டு பைட்டைத் தனியாத் தொடலாம். அதனால டென்னிஸ் ரிட்சி மொழிக்கு வகைகளைச் சேர்த்தார், 1972 வாக்குல சி உருவாச்சு. எழுத்துக்குன்னு வந்த வகை 'சார்'. (கேரக்டரோட சுருக்கம். வாத்தியார் சார் இல்ல. எங்க காலேஜ்ல 'கேர்'னு சொல்ற கோஷ்டியும் உண்டு, அந்தச் சண்டை தனி.)

இப்பத்தான் விதி விளையாடுது. பிடிபி-11-ல ஒரு பைட்டை ரெஜிஸ்டருக்கு நகர்த்தினா, அந்த மெஷினே மேல் பிட்டைப் பார்த்துக் குறியை நீட்டிடும். 200-ன்னு வச்சிருந்தா -56-ன்னு வந்து நிக்கும். குறி நீட்டாம எடுக்கணும்னா கூட ஒரு கட்டளை செலவு. வேகம்தான் முக்கியம்னு சி அதை அப்படியே ஏத்துக்கிச்சு. அவங்களுக்கு அது தொந்தரவாவும் இல்ல, ஏன்னா ஆஸ்கி முழுக்க 127-க்குள்ள முடிஞ்சிடும். ஆங்கிலத்துக்கு எட்டாவது பிட்டு தேவையே இல்ல.

ஆனா மத்த மெஷினுங்க அப்படி இல்ல. 1978-ல வந்த கெர்னிகன், ரிட்சி புத்தகத்துல நாலு மெஷினைப் பத்திப் பேசுவாங்க: பிடிபி-11, ஹனிவெல் 6000, ஐபிஎம் 370, இன்டர்டேட்டா 8/32. இதுல பிடிபி-11 மட்டும்தான் குறியை நீட்டும். அதனால சார் சைன்டா அன்சைன்டாங்கறதை மெஷினோட இஷ்டம்னு விட்டுட்டாங்க. அந்த இஷ்டம் இன்னிக்கு வரைக்கும் தரத்துல அப்படியேதான் இருக்கு!

குறியில்லாத எண்ணுங்கற வகையே தொடக்கத்துல கிடையாதுங்க. 1973-க்கும் 1980-க்கும் நடுவுல சேர்ந்ததுன்னு ரிட்சியே பின்னாடி எழுதின வரலாற்றுல சொல்றார். அதுக்கு முன்னாடி, ஆறாவது பதிப்பு யூனிக்ஸ் காலத்துல, குறியில்லாத கணக்கு வேணும்னா எண்ணை பாயின்டர்னு பொய் சொல்லி அறிவிச்சுக்குவாங்க. முகவரிக்குக் கழித்தல் குறி கிடையாதே! 1978 புத்தகத்துலகூட அன்சைன்ட் வெறும் இன்ட்டுக்கு மட்டும்தான். சைன்ட்ங்கற சொல்லு இன்னும் லேட்டு, 1989 தரத்தோடதான் வந்துச்சு.

சரி, ரெண்டு வகை வந்தாச்சு. ரெண்டையும் ஒரே கணக்குல கலந்தா? அங்கதான் சனி. ஒரே அளவுள்ள சைன்டும் அன்சைன்டும் சந்திச்சா சைன்ட் தன் குறியைத் தொலைச்சுட்டு அன்சைன்ட் ஆயிடணும், இதான் சட்டம். அதனால 32 பிட்டு இன்ட்டுல -1-ஐயும் குறியில்லாத 1-ஐயும் ஒப்பிட்டா, -1 முதல்ல 4294967295 ஆகும். அப்புறம் "-1 சின்னதா?"ன்னு கேட்டா "இல்லை"ன்னு பதில் வரும். கைநாட்டுகூட சிரிப்பான்.

இன்னொரு சிக்கல், சின்ன வகைங்க. அன்சைன்ட் சார் மாதிரி குட்டி எண்ணைக் கணக்குல போட்டா அது பெருசா ஆகும்போது குறியில்லாததாவே இருக்கணுமா, இல்ல மதிப்பு மாறாம சாதா இன்ட் ஆகணுமா? யூனிக்ஸ் கம்பைலர்கள் பல முதல் வழில போனாங்க. 1983-ல கூடின அமெரிக்கத் தரக்குழு ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்துச்சு. காரணம் நியாயமானது: அன்சைன்டும் சைன்டும் மோதிக்கிற இடங்கள் குறையும். ஆனா பழைய புரோகிராம் சத்தமில்லாம வேற விடை தரும். குழுவே தன் விளக்க உரைல, நடைமுறைல இருந்த ஒண்ணுல தாங்கள் செஞ்ச மாத்தங்கள்லயே ரொம்பத் தீவிரமானது இதுதான்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

சட்டத்தை மாத்த முடியாது, அதனால எச்சரிக்கையாவது கொடுப்போம்னு ஒரு மரபு தனியா வளர்ந்துச்சு. பெல் லேப்ஸ் ஸ்டீவ் ஜான்சன் 1978 வாக்குல 'லின்ட்'னு ஒரு கருவி எழுதினார். லின்ட்னா துணில ஒட்டுற பஞ்சு, நூல் பிசிறு. புரோகிராம்ல ஒட்டியிருக்கற பிசிறைப் பொறுக்கறது அதோட வேலை. அப்ப கம்பைலர் வேற, லின்ட் வேற. குறை சொல்றவனைத் தனியாக் கூப்பிட்டாத்தான் வருவான். 1987-ல ரிச்சர்ட் ஸ்டால்மேனோட ஜிசிசி வந்ததுக்கு அப்புறம் அந்த வேலை மெல்ல மெல்ல கம்பைலருக்குள்ளயே வந்துச்சு. கூடவே 'வால்'ங்கற சுவிட்சும். வார்னிங் ஆல், அதாவது எல்லா எச்சரிக்கையும்.

எல்லாம்னு பேருதான், எல்லாம் கிடையாது! சைன்டையும் அன்சைன்டையும் ஒப்பிட்டா எச்சரிக்கற 'சைன் கம்பேர்' சி++-க்கு வால்லயே வந்துடும். சி-க்கு வராது, 'எக்ஸ்ட்ரா'ன்னு இன்னொரு சுவிட்சு போடணும். குறி மாறுற மாத்தத்துக்கே எச்சரிக்கை வேணும்னா 2008-ல வந்த ஜிசிசி 4.3-ல இருந்து அதுக்கும் தனி சுவிட்சு. ஏன் இவ்வளவு தயக்கம்னா, பொய் அலாரம். சொல்லோட நீளம் வரைக்கும் எண்ணுற சாதா லூப் எல்லாத்துலயும் எண்ணி சைன்ட், நீளம் அன்சைன்ட். அதுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு எந்த ஆபத்தும் இல்லாதது. (கணக்கெடுப்பு ஒண்ணும் இல்ல, என் அனுபவத்துல சொல்றேன்.) ஆயிரம் வரி எச்சரிக்கை ஓடினா யார் படிப்பா? தனியார் பஸ் ஹாரன் மாதிரி, காது பழகிடும். இன்னும் மோசம், வாயை மூட வைக்கறதுக்காகவே வகைமாத்தம் போட்டு ஒப்பேத்துறது. எச்சரிக்கை போயிடும், பிழை அங்கயேதான் குந்திக்கிட்டு இருக்கும். நானும் செஞ்சிருக்கேன். நீங்களும் செஞ்சிருப்பீங்க, சும்மா இருங்க.

ஒப்பேத்தினா என்ன ஆகும்? 2002 ஆகஸ்ட்ல ஃப்ரீபிஎஸ்டி ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டாங்க. கெர்னல்ல சில அழைப்புகள்ல நீளத்தைச் சைன்ட் எண்ணா வாங்கி, "அதிகபட்சத்தை விடப் பெருசா?"ன்னு மட்டும் பார்த்திருக்காங்க. எவனாவது -1-ன்னு கொடுத்தா? பெருசு இல்லையே, உள்ள விடு. உள்ள போனதும் அது குறியில்லாத பிரம்மாண்டம் ஆயிடும், கெர்னலோட நினைவகத்தை அள்ளி வெளிய கொட்டும். எத்தனையோ கில்லாடிங்க பார்த்த நிரல் அது. நான் எம்மாத்திரம்.

இப்ப நம்ம கதை. தமிழ்க் கதை.

1997-ல சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி முயற்சில தமிழ்நெட் மாநாடு நடந்துச்சு. அதுக்கப்புறம் சுவிட்சர்லாந்து கல்யாணசுந்தரம், மலேசியா முத்து நெடுமாறன் மாதிரி உலகம் முழுக்க இருந்த ஆளுங்க மின்னஞ்சல்லயே விவாதிச்சு உருவாக்கினதுதான் திஸ்கி. 1999 பிப்ரவரில சென்னை தமிழ்நெட் 99 மாநாட்டுல டாமும் டாபும் அரசுத் தரமாச்சு. எல்லாமே எட்டு பிட்டு. திஸ்கி கீழ்ப்பாதி 0 முதல் 127 வரைக்கும் ஆங்கிலத்துக்கு விட்டுட்டு, தமிழை 128-க்கு மேல குடியேத்திச்சு. அப்பத்தானே ஒரே ஃபைல்ல ரெண்டு மொழியும் எழுதலாம். திஸ்கில 'அ' 171-ல இருக்கும், 'க' 184-ல.

சார் சைன்ட்னா? 'அ' -85. 'க' -72. தமிழ் முழுக்கவே பூஜ்யத்துக்குக் கீழ!

இதை ஒருத்தரும் வேணும்னு செய்யல. ஆனா சி தரத்துல ஒரு வாக்கியம் இருக்கு: மொழிக்கு அடிப்படையான எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், சில குறிகளை, சார்ல வச்சா அது எதிர்ம எண்ணா ஆகவே கூடாது. ஐபிஎம் பெரிய மெஷின்கள்ல 'ஏ' 193-ல இருக்கும், பூஜ்யம் 240-ல. அங்க சார் சைன்டா இருந்தா ஆங்கிலமே எதிர்மம் ஆயிடும். அதனால ஐபிஎம்ல சார் அன்சைன்ட். ஆங்கிலத்துக்கு எழுத்துல உத்தரவாதம் இருக்கு. தமிழ், ரஷ்யன், பிரெஞ்சுக்காரனோட கொம்பு வச்ச எழுத்து, இதுங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. எனக்கு இதைப் படிச்சப்ப கொஞ்சம் சுர்ருன்னுதான் இருந்துச்சு.

ஆபீஸ்ல ஓடினது வீட்டுல ஏன் ஓடலைன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். ஐபிஎம் ஏஐஎக்ஸ்ல சார் அன்சைன்ட், பென்டியம் லினக்ஸ்ல சைன்ட். வீட்டுப் பொட்டி 'அ'-வை -85-ன்னு படிச்சுது. "32-க்குக் கீழயா?" ஆமா. "அப்ப கட்டுப்பாட்டுக் குறி, தூக்கிப் போடு." 14 ஃபைல் தமிழும் அப்படித்தான் போச்சு. 127-க்கு மேலங்கற வரிக்கு ஒருத்தரும் வந்து சேரவே இல்ல, வரவும் முடியாது. சைன்ட் சாரோட உச்சமே 127 ஆச்சே. கம்பைலர் அதைத்தான் கத்திச்சு. எப்பவுமே பொய், எப்பவுமே பொய்னு.

விண்டோஸ்ல விஷுவல் சி++ வச்சு மல்லுக்கட்டின தமிழ் ஆளுங்களுக்கு இன்னொரு காட்சி ஞாபகம் இருக்கும். எழுத்தா எண்ணான்னு பார்க்கிற ஃபங்ஷனுக்குத் தமிழ் எழுத்தை அனுப்பினா, டிபக் பில்டுல ஒரு பொட்டி குதிச்சு வரும். அனுப்பினதோட ஒண்ணைக் கூட்டி, அன்சைன்டா மாத்தினா 256-க்குள்ள இருக்கணும், இல்லையேன்னு சொல்லும். அதாவது -1 முதல் 255 வரைக்கும்தான் செல்லும். அந்தச் சோதனையைக் கவனிச்சீங்களா? -85-ஓட ஒண்ணைக் கூட்டினா -84, அதைக் குறியில்லாததா மாத்தினா நானூறு கோடியைத் தாண்டும். மேல் எல்லை, கீழ் எல்லை ரெண்டையும் ஒரே ஒப்பீட்டுல பிடிச்சுடறாங்க. குறிக் குழப்பத்தைப் பிடிக்க அதே குறிக் குழப்பத்தைத்தான் வலையா விரிச்சிருக்காங்க! குளிபிசி மக்கள் வேற வழில போனாங்க. அட்டவணையையே -128 வரைக்கும் பின்னாடி நீட்டி வச்சுட்டாங்க, தப்பா வர்றவனும் விழாம இருக்கட்டும்னு. எது நல்லதுன்னு கேட்டா நான் பொட்டி குதிக்கிறதைத்தான் சொல்வேன்.

யூனிகோடு வந்துடுச்சே, இன்னுமா இந்தக் கதைன்னு கேப்பீங்க. வலைல நாம எழுதறது யூடிஎஃப்-8. அதை 1992-ல வடிவமைச்சது யார்னா கென் தாம்ப்சனும் ராப் பைக்கும். ஆமா, பி மொழி தாம்ப்சன்தான். ஆங்கிலத்தைத் தொடாம இருக்கணும்னா மத்த மொழியோட எல்லா பைட்டும் 127-க்கு மேல இருக்கணும். தமிழ் எழுத்துக்கு மூணு பைட்டு. 'அ' 224, 174, 133. சைன்டாப் படிச்சா -32, -82, -123. முன்னாடி ஒரு எழுத்துக்கு ஒரு கழித்தல் குறி, இப்ப மூணு.

கைப்பேசில நிலைமை தலைகீழ். ஏஆர்எம் சிப்போட ஆரம்ப காலத்துல பைட்டை எடுக்கிற கட்டளை குறியை நீட்டாது, வெறும் பூஜ்யத்தால நிரப்பும். அதனால அங்க வழக்கம் அன்சைன்ட் சார். (ஆப்பிள்காரங்க மட்டும் ஏஆர்எம்லயும் சைன்ட்தான்னு பிடிவாதம்.) பிடிபி-11-ல ஒரு கட்டளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பாதி உலகம், ஏஆர்எம்ல ஒரு கட்டளை இல்லாமப் போய் இன்னொரு பாதி. நடுவுல நாம. லினக்ஸ் கெர்னல்ல இந்த ரெண்டு உலகத்தோட தொல்லை தாங்காம, 2022-ல ஜேசன் டோனன்ஃபெல்ட் ஒரு மாத்தம் கொண்டு வந்தார். 2023 பிப்ரவரில வந்த 6.2 பதிப்புல இருந்து கெர்னலுக்குள்ள சார்னா எல்லா மெஷின்லயும் அன்சைன்ட். ஐம்பது வருஷம் ஆச்சு, ஒரு வீட்டுக்குள்ள மட்டுமாவது தகராறு தீர. தாம்ப்சனும் பைக்கும் சேர்ந்து 2009-ல வெளியிட்ட கோ மொழில பைட்டுன்னாலே குறியில்லாதது. சைன்டையும் அன்சைன்டையும் நீங்களா சொல்லி மாத்தாமக் கலந்தா எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேரா எர்ரர். அடிபட்டவங்க கட்டின வீடு.

மறுபடி ஊருக்கு வர்றேன்.

அன்னிக்கு ராத்திரி யார்கிட்டயும் சொல்லல. காலைல அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அம்மா விஷயம் தெரிஞ்சதும் அடுப்படில போய் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மதியம் அக்கா திரும்பக் கூப்பிட்டா. முதல்ல அடிச்ச அஞ்சு ஃபைலை ஃபிளாப்பில எடுத்து வச்சிருந்திருக்கா, பீரோ அடில கிடைச்சுதாம். நோட்டுகள்ல ரெண்டு பெரியப்பா வீட்டுல இருந்துச்சு, அதுல இருந்து ஆறு ஃபைலை நானே உட்கார்ந்து திரும்ப அடிச்சேன், நாலு மாசம். மிச்சம் மூணு ஃபைலுக்கான நோட்டைப் பரண்ல கரையான் அரிச்சிருந்துச்சு. நவராத்திரி அரிசிக் கணக்கு அதுலதான்.

சொல்லாம இருக்க முடியல, பெரியப்பாகிட்டப் போய் நின்னேன். மிச்சமானதைப் பிரின்ட் எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தக் கமாவையும் புள்ளியையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து, ஒரு வருஷத்துக்குப் பக்கத்துல அதுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுத ஆரம்பிச்சார். ரெண்டு வரி எழுதி நிறுத்திட்டு, "இதுக்கு முன்னாடி ஒரு அடைப்புக்குறி இருக்கு பாரு, அதுக்குள்ள யார் பேரோ எழுதியிருந்தேன். யாருன்னு ஞாபகம் வரலைடா"ன்னார்.

அந்த மாதிரி 41 வருஷங்களுக்கு எழுதிக் கொடுத்தார். இருபதுக்கும் மேல காலியா விட்டுட்டார். 2011-ல போய்ச் சேர்ந்துட்டார். அந்தப் பிரின்ட் என்கிட்டதான் இருக்கு. அடுத்த பதிவுல ஸ்கேன் பண்ணிப் போடறேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது வீட்டுப் பெரியவங்ககிட்டக் காட்டி, காலியா இருக்கற வருஷங்கள்ல நவராத்திரி அரிசிப் பேச்சு எதாவது அவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பின்னூட்டம் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். வெல்லம் நான் பார்த்துக்கறேன்.